தளர்வு வீதம் ஏறுகிறது, கொரிங்கா விகிதமோ ஒன்றுக்குக் கீழே: இது ஃபெர்ரோவா, ஆன்டிஃபெர்ரோவா?

எதிரொலி27 எழுதியது:

வணக்கம். நிக்கல் மூன்று பங்கு, அலுமினியம் ஒரு பங்கு சேர்ந்த சேர்மத்தில் அலுமினியம்-27 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) செய்துகொண்டிருக்கிறேன். கச்சிதமாக 3:1 இருந்தால் அது 41 கெல்வினில் ஃபெர்ரோகாந்தமாகும், அதுவும் ஒரு நிக்கலுக்கு 0.075 போர் மேக்னடான் என்ற நோஞ்சான் காந்தம். என்னுடையதில் வேண்டுமென்றே அலுமினியத்தைத் துளி கூட்டியிருக்கிறேன். காந்தமாகலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நிற்கிற சாம்பிள். 2 கெல்வின் வரை ஒழுங்கு எதுவும் வரவில்லை.

புலம் 7 டெஸ்லா, அதிர்வெண் 78 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. 300 கெல்வினிலிருந்து 4 கெல்வின் வரை டி1 அளந்தேன் (கலைத்துவிட்ட அணுக்கரு ஸ்பின்கள் சமநிலைக்கு மீள எடுக்கும் நேரம்; அதன் தலைகீழ்தான் தளர்வு வீதம்). சாதாரண உலோகமாக இருந்தால் டி1-ஐ வெப்பநிலையால் பெருக்கினால் மாறாத எண் வர வேண்டும். எனக்கு வரவில்லை. தளர்வு வீதத்தை வெப்பநிலையால் வகுத்தால் (இனி இதை ‘வகுத்த வீதம்’ என்றே எழுதுகிறேன், ஒவ்வொரு தடவையும் விரித்து எழுத அலுப்பாக இருக்கிறது) குளிரக் குளிர ஏறிக்கொண்டே போய், 15 கெல்வின் வாக்கில் மூன்று மடங்காகிறது. அதற்குக் கீழே தட்டையாகிவிடுகிறது. நைட் நகர்விலும் (உலோகத்தின் எலக்ட்ரான்களால் அதிர்வெண் நகரும் அளவு), எலக்ட்ரான் ஸ்பினால் வராத ஆர்பிட்டல் பகுதியைக் கழித்த பிறகு, கிட்டத்தட்ட அதே மூன்று மடங்கு.

இனி குழப்பம். கொரிங்கா விகிதத்தை, அதாவது நகர்வின் வர்க்கத்தை டி1-ஆலும் வெப்பநிலையாலும் பெருக்கி, இடைவினையற்ற எலக்ட்ரான்களுக்குரிய மதிப்பால் வகுத்துப் பார்த்தேன். அறை வெப்பநிலையில் 0.3, குளிரில் 0.9. ஒன்றுக்குக் கீழே. பாடப்புத்தகப்படி ஆன்டிஃபெர்ரோ, அதாவது அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கப் பார்க்கின்றன; ஒன்றுக்கு மேலே என்றால் ஃபெர்ரோ, எல்லாம் ஒரே திசையில். என் வழிகாட்டி அதைப் பார்த்த கையோடு “ஆன்டிஃபெர்ரோ ஏற்ற இறக்கங்கள், எழுத ஆரம்பி” என்றுவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காந்த ஏற்புத்திறன் முழுக்க ஃபெர்ரோ பக்கம்தானே கை காட்டுகிறது?

வேறு விவரம் வேண்டுமென்றால்: மீட்சி வளைவு ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலுக்குச் சரியாக ஒட்டவில்லை, வால் பகுதி இழுக்கிறது. எக்ஸ்பொனென்ஷியலுக்குள் நேரத்துக்கு 0.85 என்று அடுக்கு வைத்ததும் ஒட்டியது, சாம்பிளில் ஏதோ ஒழுங்கின்மை இருக்கும் என்று விட்டுவிட்டேன். 90 டிகிரி துடிப்பு (ஸ்பின்களைக் கால் சுற்றுத் திருப்பும் ரேடியோ துடிப்பு) 3 மைக்ரோசெகண்ட். அதே திறனில் அலுமினிய உப்புக் கரைசலுக்கு 9 வந்தது. தூள் சுருளுக்குள் நன்றாக நிரம்பியிருப்பதால் என்று நினைக்கிறேன். தூள், வார்த்த கட்டியை அரத்தால் ராவி எடுத்தது.

---

பாதிக்கோட்பாடு எழுதியது:

முதல் வேலையாக, வகுத்த வீதத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைவதை நிறுத்துங்கள். நைட் நகர்வுக்கு எதிராக வரையுங்கள். வெப்பநிலை ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எழுதிய குறிப்பாக மட்டும் இருந்தால் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். அணுக்கருவுக்கு இரண்டு காது. ஒரு காது நைட் நகர்வு: சாம்பிள் முழுக்க ஒரே சீராக எலக்ட்ரான் ஸ்பின்கள் புலத்துக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்பதை மட்டும் கேட்கும். இன்னொரு காது டி1: எல்லா அலைநீளங்களிலும் நடக்கிற ஸ்பின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கேட்கும், ஆனால் அணுக்கருவின் சொந்த அதிர்வெண்ணில் மட்டும். உங்கள் 78 மெகாஹெர்ட்ஸ், வெப்பநிலையாகச் சொன்னால், 4 மில்லிகெல்வின்கூட இல்லை. எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை அது பூச்சியம். ஆக டி1 கேட்பது மிக மெதுவான சலசலப்பை.

காந்த நிலையின்மைக்குப் பக்கத்தில் அந்தச் சலசலப்புதான் பெருகுகிறது, மெதுவாகவும் ஆகிறது. ஃபெர்ரோ பக்கம் என்றால் நீண்ட அலைநீள ஏற்ற இறக்கங்கள். ஃபெர்ரோவில் இன்னொரு விசேஷம், மொத்தக் காந்தமாக்கம் அழியாமல் பாதுகாக்கப்படுவதால், அலைநீளம் கூடக் கூட ஏற்ற இறக்கம் தேய்வது இன்னும் மெதுவாகும். இந்த இரண்டையும் சேர்த்து அலை எண்கள் மீது தொகையிட்டால், முப்பரிமாணத்தில் வகுத்த வீதம் ஏற்புத்திறனுக்கு நேர்விகிதத்தில் வரும். காகிதத்தில் நாலு வரிக் கணக்கு, போட்டுப் பாருங்கள், தெம்பாக இருக்கும். இரு பரிமாண ஃபெர்ரோ என்றால் ஒன்றரை அடுக்கு. ஆன்டிஃபெர்ரோ என்றால் முப்பரிமாணத்தில் அரை அடுக்கு, இரு பரிமாணத்தில் ஒரு அடுக்கு. ஆனால் அங்கே அது ஒழுங்கு வரப்போகிற அலை எண்ணின் ஏற்புத்திறன். நைட் நகர்வின் காதில் அது விழவே விழாது.

இப்போது உங்கள் எண்களுக்கு வாருங்கள். நகர்வு 3 மடங்கு, வகுத்த வீதம் 3 மடங்கு. கொரிங்கா வகையாக, அதாவது சாதாரண உலோகம் மாதிரி இருந்தால் வீதம் 9 மடங்கு ஆகியிருக்க வேண்டும். ஆன்டிஃபெர்ரோவாக இருந்தால் நகர்வு பாட்டுக்குச் சும்மா கிடக்க, வீதம் மட்டும் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் கைகோத்துக்கொண்டு போகிறது என்றால் அது அச்சு அசல் மோரியாவின் ஃபெர்ரோ. 1973-இல் மோரியாவும் கவபாதாவும் ஸ்பின் ஏற்ற இறக்கங்களைத் தன்னிசைவாகக் கணக்கில் எடுத்த கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் பெரிய சாதனை, நிலைத்த காந்தத் திருப்புமைகள் இல்லாமலே கியூரி-வைஸ் நடத்தையை (வெப்பநிலை கூடக் கூட ஏற்புத்திறன் தலைகீழ் விகிதத்தில் குறைவதை) தந்தது. நகர்வோடு ஒட்டி ஏறும் தளர்வு அதன் கைநாட்டு மாதிரி. எழுபதுகளிலேயே சிர்கோனியம்-துத்தநாகம் (1:2), ஸ்காண்டியம்-இண்டியம் (3:1) இரண்டிலும் இதை அளந்து பார்த்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்த 0.3 எங்கிருந்து வந்தது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சாதாரணச் செம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு-63-க்கு டி1 பெருக்கல் வெப்பநிலை 1.27 செகண்ட்-கெல்வின், நகர்வு 0.24 சதவீதத்தை ஒட்டி. நீங்கள் போட்ட அதே விகிதம் அங்கே இரண்டுக்குச் சற்றுக் கீழே வரும். அப்பாவிச் செம்புக்கே அவ்வளவு என்றால், ஃபெர்ரோ விளிம்பில் நிற்கிற நிக்கல் சேர்மத்துக்கு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். வளைவின் வடிவம் ஒன்று சொல்கிறது, அளவு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அளவைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

---

பழைய_கன்சோல் எழுதியது:

கரைசலில் 9, தூளில் 3. இந்த வரியைப் படித்ததும் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

சுருள் நிரம்பியதால் மூன்று மடங்கு மாறாது. அலுமினியம்-27-இன் ஸ்பின் 5/2. அதற்கு ஆறு ஸ்பின் நிலைகள், அடுத்தடுத்த நிலைகளுக்கு நடுவே ஐந்து மாறுதல்கள். மின்புலச் சரிவு இல்லாத இடத்தில் ஐந்து மாறுதல்களும் ஒரே அதிர்வெண்ணில் குவிந்திருக்கும், துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும், அப்போது 90 டிகிரி நீளம் கரைசலில் உள்ளதேதான். மின்புலச் சரிவு இருந்து நடு மாறுதலை மட்டும் நீங்கள் பிடித்தால், அது மூன்று மடங்கு வேகமாகத் திரும்பும். ஸ்பினோடு அரையைக் கூட்டினால் மூன்று. உங்கள் 3 மைக்ரோசெகண்ட் அப்படியே அதைத்தான் சொல்கிறது.

இந்த அமைப்பில் அலுமினியம் கனசதுர மூலையில் உட்கார்ந்திருக்கிறது. சுத்தமான படிகத்தில் அங்கே மின்புலச் சரிவு கிடையாது. ஆனால் நீங்கள் அரத்தால் ராவியிருக்கிறீர்கள். ராவிய தூளுக்குள் எவ்வளவு திரிபு இருக்கும் தெரியுமா? பக்க மாறுதல்கள் எல்லாம் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸுக்குச் சிதறிப் போய், திரையில் நடுக்கோடு மட்டும் நிற்கும். நீங்கள் அதை முழுச் சிக்னல் என்று நினைத்துக்கொள்வீர்கள். கரைசலையும் தூளையும் ஒரே அளவு அணுக்கருவுக்குச் சமப்படுத்தி உயரத்தை ஒப்பிட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இப்போது டி1-க்கு என்ன ஆகிறது? நடு மாறுதலின் சிக்னலை மட்டும் துடிப்பால் அழித்துவிட்டு அது மீள்வதைப் பார்த்தால் ஒற்றை எக்ஸ்பொனென்ஷியல் வராது. மூன்று உறுப்பு வரும்: 1/35 பங்கு டி1-இன் வேகத்தில், 8/45 பங்கு 6 மடங்கு வேகத்தில், 50/63 பங்கு 15 மடங்கு வேகத்தில். ஐந்தில் நாலு பங்கு 15 மடங்கு வேகத்தில் மீள்கிறது. இதற்குப் போய் ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலை ஒட்டினால் வீதம் பத்து மடங்குக்கு மேல் வீங்கித்தான் வரும். ஒட்டாத வால்தான் மிச்சமிருந்த மெதுவான இரண்டு உறுப்புகள். நீங்கள் 0.85 என்று அடுக்குப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்.

எல்லா வெப்பநிலையிலும் அதே மாதிரி வீங்கியதால் வளைவின் வடிவம் தப்பியது, அளவு மட்டும் கெட்டது. 0.3-ஐயும் 0.9-ஐயும் பத்துப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

எனக்கு இது ஒன்றும் ஞான திருஷ்டி இல்லை. இதே தவறை வேறொரு அலுமினியச் சேர்மத்தில் ஒரு வருடம் செய்தவன் நான். அப்போது கரைசலையும் அளக்கவில்லை, அதனால் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆயிற்று. நீங்கள் அளந்தாவது வைத்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: தூளை வெற்றிடக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்துச் சூடாக்கிப் பதப்படுத்தி, திரிபை நீக்கி, துடிப்பு நீளம் கரைசலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் ஒற்றை எக்ஸ்பொனென்ஷியல் போதும். ஒத்துப்போகாவிட்டால் மூன்று உறுப்பையும் போட்டு ஒட்டுங்கள். 3-க்கும் 9-க்கும் நடுவில் வந்தால்தான் தலைவலி, பாதி பக்க மாறுதல்களும் சேர்ந்து அழிந்திருக்கும், எந்தச் சூத்திரமும் சரியாக வராது.

---

கிரையோகாரன் எழுதியது:

எல்லோரும் டி1-ஐப் பிடித்துக்கொண்டீர்கள், அரத்தை விட்டுவிட்டீர்கள். எஃகு அரமா? என்றால் உங்கள் தூளில் இரும்பு இருக்கிறது. இந்த மாதிரி உலோகங்களில் இரும்புத் துகள் சும்மா இருக்காது. பலேடியத்தில் ஒரே ஒரு இரும்பு அணு சுற்றியுள்ள பலேடியங்களையும் இழுத்துக்கொண்டு 10 போர் மேக்னடான் அளவுக்குக் காந்தமாகிவிடும். பதப்படுத்தினால் திரிபு போகும், ஆனால் மேலே ஒட்டியிருக்கிற இரும்பு உள்ளே போய்விடும். புதிதாகக் கட்டியிலிருந்து வைரப் பூச்சு அரத்தால் எடுத்து, அதன் பிறகு பதப்படுத்துங்கள்.

அப்புறம் 15 கெல்வினுக்குக் கீழே தட்டையாவது. 7 டெஸ்லாவில் எலக்ட்ரான் ஸ்பினின் சீமன் ஆற்றலே (புலத்தில் மேல், கீழ் ஸ்பின் நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம்) 9 கெல்வினுக்கு மேல். ஃபெர்ரோ ஏற்ற இறக்கங்களைப் புலம் நேரடியாக அமுக்கும், அவை வளைந்து கொடுப்பதே சீரான புலத்துக்குத்தானே. ஆன்டிஃபெர்ரோவாக இருந்தால் இவ்வளவு சுலபமாக அமுங்காது. 2 டெஸ்லாவுக்கு இறக்கி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 22 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் பாதாளத்துக்குப் போகும், இரவெல்லாம் சராசரி எடுக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. தட்டையாகும் இடம் கீழே நகர்ந்தால் உங்களுக்கு ஃபெர்ரோ என்பதற்கு இரண்டாவது சாட்சி. நகராவிட்டால் துடிப்பு சாம்பிளைச் சூடாக்குகிறதா என்று முதலில் பாருங்கள். உலோகத் தூள், 4 கெல்வின், நீளமான அழிப்புத் துடிப்பு வரிசை: வெப்பமானி 4 என்று காட்டும், தூள் எத்தனையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

---

பாதிக்கோட்பாடு எழுதியது:

பழைய கன்சோலுக்கு ஒரு கும்பிடு. அளவுதான் தவறு என்று சொன்னேனே தவிர, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரை எழுதும்போது கவனிக்க ஒன்று சேர்த்துவிடுகிறேன். ‘ஆன்டிஃபெர்ரோ ஏற்ற இறக்கங்களே இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அலுமினியத்தைச் சுற்றி 12 நிக்கல், மூன்று செங்குத்துத் தளங்களில் தளத்துக்கு நாலு. மூன்று அச்சிலும் ஒரு அலகுக்கு ஒரு முறை திசை மாறுகிற ஆன்டிஃபெர்ரோ அலையை மனதில் வையுங்கள். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு நிக்கல் மேலே, இரண்டு கீழே. அலுமினியத்தில் வந்து சேரும் புலம் பூச்சியம். அந்த அலை எவ்வளவு கூத்தடித்தாலும் அலுமினியம்-27-க்குக் கேட்காது.

இதற்குப் பேர்போன உதாரணம் இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு. தளத்திலுள்ள தாமிர அணுக்கருவின் தளர்வு ஆன்டிஃபெர்ரோ ஏற்ற இறக்கத்தால் ஏறித் தள்ளுகிறது. பக்கத்திலேயே இருக்கிற ஆக்சிஜன்-17, நைட் நகர்வின் பின்னால் சாதுவாகப் போகிறது. ஆக்சிஜன் இரண்டு தாமிரத்துக்கு நடுவில் இருப்பதால் எதிரெதிர் ஸ்பின்கள் அங்கே ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆரம்பத்தில் இரண்டு வேறு எலக்ட்ரான் கூட்டம் இருக்கிறதோ என்றுகூட யோசித்தார்கள். ஒரே கூட்டம்தான், கேட்கிற காதுதான் வேறு.

உங்கள் சேர்மத்தில் நிக்கலின் காதாலேயே கேட்க வேண்டுமென்றால் நிக்கல்-61 வேண்டும். இயற்கையில் அது நூற்றுக்கு ஒன்றுதான், செறிவூட்டிய நிக்கலில் சாம்பிள் செய்ய வேண்டியிருக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

---

எதிரொலி27 எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எஃகு அரம்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய தூளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டியின் மேல்தோலை நீக்கி, வைர அரத்தால் புதிதாக எடுத்துப் பதப்படுத்தினேன். கோடு பாதியாகக் குறுகியது. சிக்னல் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துப் பெருக்கி அமைப்பை மாற்றிவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். இல்லை, பக்க மாறுதல்கள் வீடு திரும்பியிருக்கின்றன.

மீட்சி இப்போது ஒற்றை எக்ஸ்பொனென்ஷியல். அரை மடக்கைத் தாளில் இரண்டு பதின்மத்துக்கு நேர்கோடு. டி1 பழையதைவிட 12 மடங்கு நீளம். கொரிங்கா விகிதம் அறை வெப்பநிலையில் 4-ஐ ஒட்டி, குளிரில் 11. வகுத்த வீதத்தை நகர்வுக்கு எதிராக வரைந்தேன், 300-லிருந்து 20 கெல்வின் வரை நேர்கோடு, நீட்டினால் ஆரம்பப் புள்ளிக்குப் பக்கத்தில் போய் முட்டுகிறது. ஆர்பிட்டல் பகுதியைக் கழித்ததும் சரிதான் போலிருக்கிறது.

வழிகாட்டியிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கரைசலில் எவ்வளவு வந்தது என்றாய்?” என்று மட்டும் கேட்டார். பழைய வரைவைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

2 டெஸ்லா ஓட்டம் நேற்று முடிந்தது. 7 டெஸ்லாவில் 15 கெல்வினில் தட்டையானது, 2 டெஸ்லாவில் 6 கெல்வின் வரை ஏறிக்கொண்டே போகிறது. அதற்குக் கீழே சிக்னல் போதவில்லை, துடிப்பு வரிசையைச் சுருக்கி மறுபடி எடுக்கிறேன்.

---

பழைய_கன்சோல் எழுதியது:

நல்லது. 2 டெஸ்லாவில் துடிப்பு நீளத்தை மறுபடி அளந்தீர்களா? புலம் குறையும்போது எதையும் அனுமானித்துக்கொள்ளக் கூடாது, 22 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருளையும் மாற்றியிருப்பீர்கள்.

---

எதிரொலி27 எழுதியது:

முதல் வேலையாக அதைத்தான் செய்தேன் சார். கரைசல் 14, தூள் 14.